கடலுக்கு முதுகு காட்டும் பள்ளிவாசல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சவுதி அரேபியாவின் ஜித்தாவில் கோர்னிஷ் என்கிற கடற்கரைச் சாலையில் உள்ள பள்ளிவாசல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'செங்கடலைப் பார்த்தபடியே தொழலாம்' என்று அதில் ஒரு வரி. ஜித்தாவுக்குக் கடல் மேற்கே, மக்கா கிழக்கே. அங்கே கடலைப் பார்த்துத் தொழுகிறவர் கிப்லாவுக்கு, அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசைக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நம் பக்கம் மேற்கு நோக்கித் தொழுவதால், கட்டுரையாளர் இங்கே உட்கார்ந்தபடியே திசையை முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. தங்களுக்கு இது தெரியாததல்ல, அவசரத்தில் கண்ணில் படாமல் போயிருக்கும்.

1988 முதல் பதினொரு ஆண்டுகள் ஜித்தாவில் கொத்தனாராக இருந்தேன். வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் விடுமுறை. சாயங்காலம் கடற்கரைக்கு நடந்துபோய் அந்தப் பள்ளிவாசலில் மக்ரிப், அதாவது சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை, தொழுவேன். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்து வெளியே வந்த பிறகுதான் கடலும், அதன்மேல் மிச்சமிருக்கும் சிவப்பும்.

சரி, திசை போகட்டும். 'பழைய பாணியைக் காப்பியடித்த கான்கிரீட் கட்டடம்' என்று போட்டிருக்கிறீர்களே! அந்தச் சுவரும் குவிமாடமும் செங்கல், ஐயா. வெளியே வெள்ளைப் பூச்சு. குவிமாடத்தின் உட்புறம் மட்டும் பூசாமல் விட்டிருப்பார்கள், அண்ணாந்தால் செங்கல் வரிகள் அப்படியே தெரியும். பூச்சு இருந்தால் கோணலை மறைத்துவிடலாம். பூசாத குவிமாடத்தில் ஒரு கல் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். நான் எத்தனையோ நாள் தொழுகை முடிந்தும் கழுத்து வலிக்க அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த நிறுவனம் கடலோரத்தில் கட்டிய கான்கிரீட் தூண்களை ஆறே வருடத்தில் நானே கொத்திவிட்டுப் பூசினேன். உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்தால் வெளியே வெடிக்கும். செங்கல் குவிமாடத்தில் துருப்பிடிக்கக் கம்பி ஏது?

இந்தப் பள்ளிவாசலை வடிவமைத்தவர் எகிப்தியர் அப்துல் வாஹித் அல்-வகீல், எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹியின் சீடர். ஃபத்ஹி 1940களில் எகிப்தின் லக்சர் அருகே கூர்னாவில், தெற்கே நூபியாவிலிருந்து வந்த கொத்தனார்களை வைத்து, மரச் சென்ட்ரிங் இல்லாமலே மண்கல்லில் வளைவுக் கூரை எழுப்பினார். அந்த வழி வந்தவர் அல்-வகீல். எகிப்தின் அகமியில் கட்டிய ஒரு வீட்டுக்காக 1980இல், இந்தப் பள்ளிவாசலுக்காக 1989இல், ஆக இரண்டு முறை அவருக்குக் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கத் தங்கள் கட்டுரையாளர் அந்த நடுவர் குழுவில் இல்லாமல் போய்விட்டார், பாவம்.

அப்புறம் கட்டுரையோடு போட்ட அந்தப் படம். அது அதே ஜித்தாவின் ரஹ்மா பள்ளிவாசல், கடலுக்குள் தூண்கள் மேல் நிற்பது. மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்வந்த யாரிடம் காட்டியிருந்தாலும் சொல்லியிருப்பார்.

இது புதிதல்ல. இரண்டு வருடம் முன்பு 'வளைகுடா சிறப்பிதழ்' போட்டீர்கள். கண்ணாடிக் கோபுரம், தங்கக்கடை, ஒட்டகம். ஜித்தாவின் பழைய நகரத்தில் பவளப்பாறைக் கல்லில் கட்டிய வீடுகளும் ரோஷன் என்கிற மர மாடங்களும் இருக்கின்றன, 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அவற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது. கரணை பிடித்தவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டதும் கிடையாது. அப்போதே ஏழு பக்கம் எழுதினேன். வரவில்லை. குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் தவறியதற்கு மட்டும் மறு இதழிலேயே வருத்தம் தெரிவித்தீர்கள்.

இந்தக் கடிதத்தையும் வெளியிடுங்கள் என்று கேட்க மாட்டேன். அன்று அந்தக் கடிதத்தோடு மூன்று புகைப்படங்கள் வைத்திருந்தேன். பள்ளிவாசலின் வாசலில் எடுத்தவை, வேறு பிரதி இல்லை. சுயவிலாசமிட்ட உறை இணைத்திருக்கிறேன், தபால்தலையும் ஒட்டியாயிற்று. அவற்றைத் திருப்பி அனுப்பினால் போதும். ஒன்றில் என் தோளில் கைபோட்டு நிற்கிறவர் இப்போது இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர்