கண்ணாடி வழியாகப் போகும் காசு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஜனவரி 16, 2023

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நாங்கள் நலம். நீங்கள், சித்தி, பாட்டி எல்லாரும் நலம்தானே? பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்ததால் லீவு கேட்க வேண்டிய வேலை இருக்கவில்லை. கரும்பும் மஞ்சள் கொத்தும் இங்கே கடைத்தெருவிலேயே கிடைத்தன. விலையை மட்டும் கேட்காதீர்கள்.

போன வாரம் போனில் என் மீன் தொட்டி ஹீட்டருக்கு ஆகிற செலவைச் சொன்னதும் "மீனுக்கு மாசம் ரெண்டாயிரம் ரூபா கரண்டா? வெளயாடுறியா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். பதில் சொல்ல ஆரம்பித்ததும் உங்களிடம் கப்பி மீன் வாங்க யாரோ வந்துவிட்டார்கள், போனை வைத்துவிட்டீர்கள். உங்களிடம் போனில் எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். செப்டம்பரில் தம்பி பிரவீன் இங்கே படிக்க வரப்போகிறான். வந்த மறுமாதமே தொட்டி வாங்கிவிடுவான், எனக்குத் தெரியும். அவனும் இதைப் படிக்கட்டும்.

நீங்கள் மீன் வளர்த்து விற்கிற கொளத்தூரில் டிஸ்கஸ் மீன் வைத்திருக்கிற அறையைத் தவிர வேறெங்கும் நீங்கள் ஹீட்டர் போட்டு நான் பார்த்ததில்லை. மார்கழியில் தொட்டிகளின் மேல் தார்ப்பாய் இழுத்துவிடுவீர்கள், மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் மருந்து விடுவீர்கள், அவ்வளவுதான். இங்கே டிசம்பர் இரண்டாம் வாரம் லண்டனிலேயே பனி கொட்டியது. வெளியே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே. வீட்டைச் சூடாக்குவது கேஸ் பாய்லர். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிடுகிறோம். நடுராத்திரி ஹாலில் 17 டிகிரிதான் இருக்கும். என் 120 லிட்டர் தொட்டியிலோ ஏஞ்சலும் நியான் டெட்ராவும் 27 டிகிரியில் நீந்திக்கொண்டிருந்தன. பிளக்கில் மாட்டிப் பார்க்கிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்தேன். ஹீட்டர் மட்டும் ஒரு நாளைக்கு 2 யூனிட் தின்றது.

2 யூனிட்டா, பூ என்பீர்கள். கணக்குப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். நம் ஊரில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டை இந்த ஒரு ஹீட்டரே முழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். உக்ரைன் போருக்குப் பிறகு இங்கே கேஸ் விலையும் கரண்ட் விலையும் எகிறிவிட்டன. அக்டோபரிலிருந்து அரசாங்கம் விலைக்கு ஒரு வரம்பு போட்டிருக்கிறது. அந்த வரம்புக்கு உட்பட்டே யூனிட் சராசரியாக 34 பென்ஸ், நம் காசுக்கு ஏறக்குறைய 34 ரூபாய். ஒரு லைட்கூடப் போடாவிட்டாலும் கரண்டுக்கென்று தினமும் 46 பென்ஸ் நிலைக்கட்டணம் தனி. வீட்டுக்கு 400 பவுண்டு என்று அரசாங்கம் ஆறு தவணையாகத் தருகிறது, வாங்கிக்கொண்டோம். அதுவும் மார்ச்சோடு சரி.

இதில் எனக்குப் பிடிபட்ட ஒரே விஷயம் இதுதான், சித்தப்பா. ஹீட்டர் வாட்ஸ் எவ்வளவு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் பில்லில் பெரிதாகத் தெரிவதில்லை. எல்லா ஹீட்டரும் தின்கிற கரண்டை அப்படியே சூடாக்கித் தண்ணீருக்குத்தான் கொடுக்கின்றன. 200 வாட்ஸ் ஹீட்டர் கொஞ்ச நேரம் எரிந்து அணையும், 100 வாட்ஸ் அதிக நேரம் எரியும், யூனிட் ஒன்றுதான். காசு போவது கண்ணாடி வழியாகவும் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகவும். தண்ணீருக்கும் அறைக்கும் எவ்வளவு டிகிரி வித்தியாசமோ அந்த அளவுக்கு வேகமாகப் போகும். உங்கள் கொட்டகையில் தண்ணீரும் 28, காற்றும் 28. போவதற்கு இடமே இல்லை. இங்கே வித்தியாசம் 10. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலையைத்தான் ஹீட்டர் ராத்திரி முழுக்கச் செய்கிறது. ஓட்டையை அடைத்தாக வேண்டும்.

அடைக்க என்ன தேடினேன் தெரியுமா? தெர்மாகோல்! மீனை ஆக்சிஜன் கவரில் போட்டு ரயிலில் அனுப்பும்போது நீங்கள் பெட்டி பெட்டியாக அடுக்குவீர்களே, அதேதான். இங்கே வீட்டுச் சுவருக்குள் வைக்கிற, அலுமினியத் தாள் ஒட்டிய கெட்டியான பலகையும் கட்டடச் சாமான் கடையில் கிடைக்கிறது. அது தெர்மாகோலைவிட நன்றாகச் சூட்டைத் தடுக்கும். ஒன்று வாங்கிப் பின்பக்கத்துக்கும் இரண்டு பக்கவாட்டுக்கும் அளவாக வெட்டி ஒட்டிவிட்டேன். முன்பக்கம் நாம் பார்க்க வேண்டுமே, அதைப் பகலில் விட்டுவிட்டு ராத்திரி லைட் அணைந்ததும் ஒரு துண்டுப் பலகையைச் சாய்த்து வைக்கிறேன். பிரவீனுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள்: தொட்டியின் அடியில் பிளாஸ்டிக் சட்டம் இருந்தால், அது கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கத்தான் இருக்கிறது. அங்கே தெர்மாகோலைத் திணித்தால் கண்ணாடி விரிசல் விடலாம். சட்டம் இல்லாத தொட்டிக்கு மட்டும் அடியில் போடலாம்.

அதைவிட முக்கியம் மேல் மூடி. நம் ஊரில் மூடி என்றால் மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க. இங்கே வேறு விஷயம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் கிட்டத்தட்ட முக்கால் யூனிட் கரண்டின் சூட்டையும் கூடவே கொண்டுபோகிறது. போகிற ஆவி எங்கே போகும்? ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது. குளிர்ந்த சுவரில் போய் ஈரமாக உட்காரும், பிறகு கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கார அம்மா மூலையில் கறுப்பைப் பார்த்துவிட்டால் நீங்கள் சமைக்கிற சாம்பார்தான் காரணம் என்பார். அந்தப் பேச்சு நமக்கு எதற்கு? ஃபில்டர் குழாய்க்கும் ஒயருக்கும் மட்டும் சந்து விட்டுக் கண்ணாடி மூடி வெட்டிப் போட்டுவிட்டேன்.

அடுத்தது டிகிரி. ஏஞ்சலும் நியானும் 24-இல் சுகமாக இருக்கும், அது உங்களுக்குத் தெரியாததா. ஒரேயடியாக இறக்காமல் நாளுக்கு ஒரு டிகிரியாக 27-இலிருந்து 24-க்குக் கொண்டுவந்தேன். வித்தியாசம் 10 இருந்தது 7 ஆயிற்று, அதிலேயே சூட்டுச் செலவில் பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. ஹீட்டரில் இருக்கிற திருகை நம்பக்கூடாது, தெர்மாமீட்டர் தனியாக வேண்டும். இங்கே என்னோடு வேலை செய்கிற ஒருவர் ராத்திரி ஹீட்டரையே அணைத்துவிடுகிறாராம். அது வேண்டாத வேலை. காலையில் அந்தச் சூட்டைத் திரும்ப ஏற்றத்தான் வேண்டும், மிஞ்சுவது கொஞ்சம். தினமும் ஏறி இறங்கினால் வெள்ளைப் புள்ளிதான் மிச்சம்.

தண்ணீர் மாற்றுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் கையை வைத்தால் விறைக்கும், 7 டிகிரி இருக்கும். 20 லிட்டரை அப்படியே ஊற்றினால் 24-க்குக் கொண்டுவர ஹீட்டர் 0.4 யூனிட் தின்னும், மீனும் அதிர்ந்துபோகும். பாய்லரில் வருகிற சுடுதண்ணீரைக் கலந்து வெதுவெதுப்பாக ஊற்றினால் அதே சூடு கேஸில் கிடைக்கிறது. கேஸ் யூனிட் 10 பென்ஸ்தான், கரண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரினைப் போக்கும் மருந்து எப்படியும் போட வேண்டும். மாடியில் டேங்க் வைத்துத் தண்ணீரைச் சுடவைத்துத் தேக்குகிற பழைய வீடாக இருந்தால் நான் இதைச் செய்யமாட்டேன். தாமிரம் கலந்திருந்தால் மீனைவிட இறாலுக்கு உடனே ஆகாது.

ஃபில்டரில் மட்டும் கை வைக்கவில்லை. அது 8 வாட்ஸ், நாள் முழுக்க ஓடினாலும் 7 பென்ஸ்கூட ஆகாது. அதை அணைத்துக் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பஞ்சில் இருக்கிற நல்ல பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் செத்து, அம்மோனியா ஏறி, தொட்டியே நாறிப்போகும். லைட் எல்.இ.டி.தான், டைமர் போட்டு மாலையில் 6 மணி நேரம். பாசியும் குறைந்தது.

இவ்வளவும் செய்தபின் அந்தச் சின்ன மீட்டர் 1 யூனிட்டுக்குக் கீழேயே காட்டுகிறது. இரண்டாயிரம் ஆயிரம் ஆகியிருக்கிறது, சிரிக்காதீர்கள்.

பிரவீன் டிஸ்கஸ் டிஸ்கஸ் என்று ஆசைப்படுவான். அதற்கு 28, 29 டிகிரி வேண்டும். இந்த ஊர்க் குளிரில் மாணவனுக்கு அது கட்டுப்படியாகாது. அவனுக்கு நான் சொல்வது ஜீப்ராவும் ரோசி பார்பும். இரண்டும் நம் நாட்டு ஓடை மீன்கள், 20 டிகிரியில் சந்தோஷமாக ஓடும். வெதுவெதுப்பான அறையாக இருந்தால் குளிர்காலத்திலும் ஹீட்டர் அதிகம் எரியாது. சீனாவின் வெள்ளை மேக மலை மீன் என்று ஒன்று இங்கே எல்லாக் கடையிலும் இருக்கிறது, அது இன்னும் குளிர் தாங்கும். பெரிய தொட்டி இருந்தால் மிஸ் கேரளா மீனும் வைக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையில் பிறந்தது, இதற்குப் போய் யாராவது 27 வைப்பார்களா? இங்கே வைக்கிறார்கள்!

இன்னொன்று. மூன்று சின்னத் தொட்டி வாங்குவதைவிட அதே அளவு தண்ணீர் பிடிக்கிற ஒரே தொட்டி வாங்கச் சொல்லுங்கள். கண்ணாடிப் பரப்பு குறைவு, செலவும் குறைவு. ஜன்னலோரமும் வெளிச்சுவர் ஓரமும் வேண்டாம். அவன் தங்குகிற ஹாஸ்டலில் வாடகையோடு கரண்ட் சேர்ந்திருந்தால் இதையெல்லாம் காதில் வாங்கமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே மீன் வைக்க விடுவார்களா என்பதை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கம் இந்த மார்கழி எப்படிப் போயிற்று? மோலி மீன் தொட்டியில் வெள்ளைப் புள்ளி வந்ததாகச் சித்தி சொன்னாள், சரியாயிற்றா? பாட்டிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தனியாக எழுதுங்கள், போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்கிறார்.

பிரவீனிடம் வத்தக்குழம்புப் பொடியும் மோர் மிளகாயும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். மீன் தீனி வேண்டாம், இங்கே கிடைக்கிறது.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகள்,
கலா