கில்டாலை அந்த விமானத்திலிருந்து இறக்கிவிடுங்கள்: தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரி விழாக்களிலும் தொழில்முனைவோர் கூட்டங்களிலும் பேசும் பெருமக்களுக்கு,

வணக்கம். நீங்கள் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1980-இல் தங்கள் புதிய தனிநபர் கணினிக்கு (பிசி) இயங்குதளம் கேட்டு ஐபிஎம் ஆட்கள் வாசலுக்கே வந்தார்களாம். சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதிய கேரி கில்டால் சொந்த விமானத்தில் ஊர் சுற்றப் போய்விட்டாராம். வாய்ப்பு பில் கேட்ஸ் மடியில் விழுந்ததாம். கைதட்டல் பலமாகத்தான் விழுகிறது. ஆனால் நடந்தது அப்படி இல்லை.

அன்று கில்டால் பறந்தது உண்மைதான். போனது ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க. பசிபிக் குரோவில் இருந்த அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் சார்பில் ஐபிஎம் ஆட்களைச் சந்தித்தவர் அவர் மனைவி டாரதி. நிறுவனத்தின் வணிகப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டதே அவர்தான். ஐபிஎம் நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்துப் போட அவர் தயங்கினார். ஐபிஎம் பக்கமே சாய்ந்திருந்த, தயங்க வேண்டிய காகிதம்தான் அது.

அப்புறம் நடந்ததை நீங்கள் சொல்வதே இல்லை. கில்டாலின் சிபி/எம் 1974-இலேயே உருவானது. எழுத்துச் செயலியான வேர்ட்ஸ்டாரும் தரவுத்தள மென்பொருளான டிபேஸும் அதில்தான் பேர் வாங்கின. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதியை அவர் பயாஸ் என்று தனியே பிரித்து வைத்ததால், புது இயந்திரம் வந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றி எழுதினால் போதும். சறுக்கியது இன்டெல்லின் 8086 என்ற கணினிச் சில்லில். அதற்கான சிபி/எம்-86 வரும், வரும் என்று காத்திருந்து அலுத்துப்போன சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில், டிம் பேட்டர்சன் தாமே ஓர் இயங்குதளம் எழுதினார். சிபி/எம் நிரல்களைச் சுலபமாக இதற்கு மாற்றிக்கொள்ளும்படி அமைத்தார். 1981-இல் மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கி, டாஸ் என்ற பெயரில் ஐபிஎம்முக்குக் கொடுத்தது அதைத்தான்.

கில்டாலும் சும்மா விடவில்லை. தன்னுடையதைப் போலவே இருக்கிறதே என்று ஐபிஎம்மிடம் சண்டைக்குப் போனார். சிபி/எம்-86-ஐயும் விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. ஆக, கதவு மூடவே இல்லை. சரி, கடைக்கு வாருங்கள். ஐபிஎம் பிசி வாங்க வந்தவர் முன்னால் டாஸ் 40 டாலர். சிபி/எம்-86 240 டாலர், அதுவும் பிசி வெளியாகி மாதக்கணக்கில் கழித்து வந்தது. உங்கள் பணமாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?  

என்னைக் கேட்டால், விலையைவிடப் பெரிய அடி உரிமம். டாஸை மற்ற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் ஐபிஎம்முக்கு எழுதிக் கொடுக்கவில்லை. காம்பாக் முதலானவர்கள் பிசியை ஒத்த இயந்திரங்கள் செய்யக் கிளம்பியதும், வரிசையாக வந்து நின்றது மைக்ரோசாஃப்ட் வாசலில். மென்பொருள் எழுதுகிறவர்களும் கூட்டம் இருக்கும் பக்கம்தானே போவார்கள்?

தாமதம், விலை, உரிமம் எல்லாம் மேடைக்குச் சுவை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் நாளைக்கே ஒப்பந்தம் போடப் போகிறவர்கள். ஒரு மனிதர் உல்லாசப் பயணத்தால் தோற்றார் என்று கேட்டுவிட்டுப் போனால், உரிமை யாருக்கு என்ற வரியை அவர்கள் எதற்காகத் தேடிப் படிக்கப் போகிறார்கள்?

விமானம் இல்லாமல் கதை நிற்காது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். கில்டால் எதற்காகப் போனார், டாரதி ஏன் தயங்கினார் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சுகளைக் கேட்கும் ஒரு மென்பொருள்காரன்