ரித்மோமாகியா வெறும் வாய்ப்பாடு பழகுற ஆட்டம் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல கணக்கு விளையாட்டுகள் பத்தி வந்த கட்டுரையை படிச்சேன், இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினதே பெரிய சந்தோஷம். ஆனா அதுல ரித்மோமாகியாங்கிற பழைய எண் பலகை ஆட்டத்தைப் பத்தி ரெண்டே வரிதான் இருந்துச்சு, அதுவும் "செஸ்ஸோட பழைய வடிவம், வாய்ப்பாடு பழக உதவும்"னு எழுதி முடிச்சுட்டாங்க. ரெண்டுமே சரியில்லங்க.

செஸ் அதுக்கு பல நூற்றாண்டு முன்னாடியே வந்தாச்சு. ரித்மோமாகியா 11-ம் நூற்றாண்டுல, இப்போ ஜெர்மனின்னு சொல்ற பகுதியில, திருச்சபை நடத்தின பள்ளிக்கூடங்கள்ல உருவானது. போயத்தியஸ்ங்கிறவர் எழுதின எண்கணித நூல்தான் அப்போ அங்க பாடம், அந்த பாடத்தை அப்படியே பலகையில இறக்கி ஆட வச்சுட்டாங்க, 17-ம் நூற்றாண்டு வரைக்கும் படிச்சவங்க நடுவுல இது ஓடிட்டு இருந்துச்சு.

பலகை 8-க்கு 16 கட்டம், அதாவது ரெண்டு செஸ் போர்டை ஒட்டி வச்ச அளவு. ஒரு பக்கம் இரட்டைப்படை அணி, எதிர்ல ஒற்றைப்படை அணி, ஆளுக்கு 24 காய், வட்டம் முக்கோணம் சதுரம்னு மூணு வடிவம், ஒவ்வொண்ணு மேலயும் ஒரு எண். இந்த எண்ணை எல்லாம் யாரும் இஷ்டத்துக்கு போடல, அதுதான் எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச இடம். இரட்டை அணியில 2, 4, 6, 8-ல ஆரம்பிக்கணும். அதோட வர்க்கம் 4, 16, 36, 64, இது வரைக்கும் வட்டம். எண்ணையும் வர்க்கத்தையும் கூட்டினா 6, 20, 42, 72, அதுக்கப்புறம் அடுத்த எண்ணோட வர்க்கம் 9, 25, 49, 81, இது ரெண்டு வரிசையும் முக்கோணம். அந்த ரெண்டையும் மேலயும் கீழயுமா கூட்டிப்பாருங்க, 15, 45, 91, 153 வரும், சதுரம் அங்க ஆரம்பிக்குது. எதிரணிக்கு 3, 5, 7, 9-ல இருந்து இதே மாதிரி போனா 28, 66, 120, 190 வரும். இப்போ அந்த 91-ஐயும் 190-ஐயும் கவனிங்க. 1, 4, 9, 16, 25, 36 இதை கூட்டினா சரியா 91. 16, 25, 36, 49, 64-ஐ கூட்டினா சரியா 190. அதனால அந்த ரெண்டு காயை மட்டும் வர்க்க எண்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி பிரமிடா வச்சிருக்காங்க. இதை ஒரு தடவை பேப்பர்ல போட்டு பார்த்த பிள்ளைக்கு வர்க்கம்னா என்னன்னு தனியா சொல்லித்தர வேண்டியதே இல்ல.

காயை பிடிக்கிற விதிகளும் அப்படித்தான். அதே எண் உள்ள காய் எட்டுற தூரத்துல வந்தா பிடிக்கலாம், ஆனா 9, 16, 25, 36, 49, 64, 81 இந்த ஏழு எண்தான் ரெண்டு அணியிலயும் இருக்கு. சின்ன எண்ணை நடுவுல இருக்குற கட்டத்தால பெருக்கி பெரிய எண் வந்தா பிடிக்கலாம், 30-ன்னு ஒரு காய் நின்னா 15 ரெண்டு கட்டத்துல வருதா, 6 அஞ்சு கட்டத்துல வருதான்னு பார்க்கணும். ரெண்டு காய் சேர்ந்து கூட்டியும் பிடிக்கலாம், 4-ம் 8-ம் ரெண்டு பக்கமும் வந்துட்டா 12 காலி. இதுல ஒற்றை அணியோட 7-ஐ பாருங்க, அது பகா எண், பெருக்கி அதை பிடிக்கிறது ரொம்ப கஷ்டம், கழித்தலையும் ஒத்துக்கிற விதியில 9-ம் 2-ம், 15-ம் 8-ம் மாதிரி கழிச்சா 7 வர்ற ஜோடி சேர்ந்து வரணும். பகா எண்ணுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருக்குன்னு ஆடுறப்பவே புரியும். இதுக்கு வேகம் எதுக்கு, நிதானமா யோசிச்சு எந்த எண்ணுக்கு எது உறவுன்னு பார்க்கத் தெரிஞ்சா போதும்.

ஜெயிக்கிறதுல சின்ன வெற்றி பெரிய வெற்றின்னு தரம் பிரிச்சிருக்காங்க. காயை எண்ணி ஜெயிக்கிறதெல்லாம் சாதாரணம். பெரிய வெற்றின்னா கூட்டுத்தொடர் (ஒரே அளவு கூடிப் போறது), பெருக்குத்தொடர் (ஒரே மடங்கா பெருகிப் போறது), இசைத்தொடர் (1/3, 1/4, 1/6-ன்னு தலைகீழா எழுதினா கூட்டுத்தொடர் ஆகுறது) இதுல ஒண்ணு வர்ற மாதிரி எதிரி பக்கத்துல காய்களை வரிசையா நிறுத்தணும். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு, நாலே காய்ல மூணு தொடரும் வரணும். 3, 4, 6, 9 எடுத்துக்கோங்க. 3, 6, 9 கூட்டுத்தொடர், 4, 6, 9 பெருக்குத்தொடர், 3, 4, 6 இசைத்தொடர். இதுல 3 ஒற்றை அணிகிட்ட மட்டும்தான் இருக்கு, 4-ம் 6-ம் இரட்டை அணியோடது, அதனால எதிரியோட காயை பிடிச்சு நம்ம காயோட சேர்த்து நிறுத்தினாத்தான் இந்த வெற்றி. எதைப் பிடிக்கணும்னு முதல் நகர்த்தல்லயே யோசிக்க வைக்கிற இப்படி ஒரு ஆட்டத்தைப் போய் வாய்ப்பாடு பழகுறதுன்னு சொன்னா மனசு கேக்க மாட்டேங்குது.

பிள்ளைங்களுக்கு கணக்கு விளையாட்டுன்னு இப்போ வர்றது பாதிக்கு மேல கடிகாரத்தை ஓட விட்டு விடை கேக்குறதுதான். மெதுவா யோசிக்கிற பிள்ளை அதுல தோத்து, நமக்கு கணக்கு வராதுன்னு முடிவு கட்டிடுது, அந்த பிள்ளைக்குத்தான் இந்த மாதிரி ஆட்டம் போய் சேரணும்.

அதனால ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்துல ஒரு வாரம் 48 காயோட எண்ணையும் வடிவத்தையும் வெட்டி எடுக்குற மாதிரி அச்சடிச்சு கொடுங்க, அட்டையில ஒட்டினா போதும். பழைய கையெழுத்துப் பிரதிகள்ல விதி ஒண்ணுக்கொண்ணு மாறுது, அதனால ஏதாவது ஒரு விதித்தொகுப்பை எடுத்து அடுத்த வாரம் முழுசா போடுங்க, கலந்து போட்டா ஆடவே முடியாது. அப்புறம் சுடோகு பக்கத்துல கொஞ்சம் இடம் ஒதுக்கி, பலகையில அஞ்சாறு காயை நிறுத்தி "இந்த 36-ஐ எத்தனை வழியில பிடிக்கலாம்"னு வாரம் ஒரு கேள்வி கேளுங்க, விடையை அடுத்த வாரம் காரணத்தோட போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்