வடசென்னை விளையாட்டுக்கு வானொலியில் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள் முழுதும் விளையாட்டை மட்டுமே பேசும் வானொலியாக நியூயார்க்கில் 1987 ஜூலை 1 அன்று டபிள்யூ.எஃப்.ஏ.என். தொடங்கியது. 1938 முதல் வானொலி நிலையம் இயங்கும் சென்னையில் அப்படியொரு தனி அலைவரிசை இல்லை. அப்துல் ஜப்பார், கூத்தபிரான் ஆகியோரின் தமிழ் கிரிக்கெட் வர்ணனையை ராயபுரத்துத் தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்டு வளர்ந்த எனக்கு, இது பெரும் குறையாகவே படுகிறது.

தனியார் பண்பலைகள் உள்ளூர்ப் போட்டிகளை நேரடியாக வர்ணிக்க மத்திய அரசின் 2011ஆம் ஆண்டுப் பண்பலைக் கொள்கை இடம் தருகிறது. ஆயினும், வடசென்னையின் வியாசர்பாடிக் கால்பந்தைப் பற்றியோ, 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவை உருவாக்கிய செரியன் நகரைப் பற்றியோ அவற்றில் விரிவான உரையாடல் எதையும் நான் கேட்டதில்லை. நேயர்களும் தொலைபேசியில் கலந்துகொள்ளும்படி, வாரம் ஒரு மணி நேரமாவது இதற்கு ஒதுக்குமாறு வானொலி நிலையங்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை