ஒரே பாதையை நம்பியிருக்கலாமா?

ஆசிரியருக்கு,

சுயெஸ் கால்வாயில் 2021 மார்ச் 23ஆம் திகதி தரைதட்டிய 400 மீற்றர் நீளமான ‘எவர் கிவன்’ கப்பல் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். ஆறு நாள் அடைப்புக்கே நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்துக் கிடந்தன. சரி, அதற்கும் இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். பாதை ஒன்றுதான் என்றால் கையிருப்பு கட்டாயம் வேண்டும். இதைப் பட்டு அறிந்தவர்கள் நாங்கள். தொண்ணூறுகளில் போரினால், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் வன்னி வழியாக இணைக்கும் ஏ9 வீதி அடைபட்டிருந்தபோது, ஜாம் போத்தலில் அரை விரல் மண்ணெண்ணெய் ஊற்றி, திரியை இறக்கி வைத்த வெளிச்சத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் இருப்பு இருந்த கிழமைகளில்தான் வீட்டில் நிம்மதி.

இன்று அந்தச் சங்கங்களின் களஞ்சியங்கள் பல வெறுமையாகக் கிடக்கின்றன. அவற்றைத் திருத்தி, உரமும் பால்மாவும் எரிபொருளும் மூன்று மாதத்துக்காவது சேமித்து வைக்க அதிகாரிகள் ஆவன செய்யவேண்டும்.

விவசாயி ஒருவர்,
மாங்குளம்.