பெட்டிக்கு முன்னால் பாய் விரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாரியம்மன் பண்டிகைக் கச்சேரி என்றால் ஊருக்கு ஊர் ஒரே காட்சிதான். மேடையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பேஸ் பெட்டி (தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கி), அதன் மேல் டாப் (குரலுக்கும் உயர்ந்த ஒலிக்குமான ஒலிபெருக்கி). அதற்கு நேர் முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகள். தூங்கிப்போன குழந்தையையும் அங்கேயே கிடத்திவிடுவார்கள். கண் மூடினாலும் காது மூடுவதில்லை.

85 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் கேட்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்குச் சொல்லப்படும் கணக்கு. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். கச்சேரியோ மூன்று மணி நேரம். உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் செத்தால் மீண்டும் முளைக்காது. பெரும்பாலும் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். அது போனவருக்குச் சத்தம் கேட்கும், பேச்சு பிடிபடாது; 'பால்', 'கால்', 'தாள்' எல்லாம் ஒன்றுபோல இருக்கும்.

கோளாறு பெரும்பாலும் பெட்டி வைக்கும் இடத்தில்தான். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 110 என்றால் 32 மீட்டரில் 86. பின்னாலிருந்து விழாக் குழுவினர் "சவுண்டு பத்தல" என்பார்கள், ஆபரேட்டர் ஏற்றுவார், முன்வரிசை 116-க்குப் போகும். ஆம்ப் தாங்கும் அளவைத் தாண்டியதைக் காட்டும் கிளிப் விளக்கு சிவந்து எரியும். குரல் கரகரக்கும், தெளிவு அதிகமாகாது. (டாப்புக்குள் இருக்கும் டுவீட்டர் என்ற சின்ன ஒலிபெருக்கி எரிந்தால் மட்டும் எல்லோருக்கும் வலிக்கும்!)

டாப்பைத் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் ஸ்டாண்டில் ஏற்றி, பின்வரிசையைப் பார்த்துச் சாய்த்தால் முன்வரிசை தப்பும். 30 மீட்டரில் இன்னொரு ஜோடி வைத்து அதன் ஒலி 90 மில்லி செகண்ட் தாமதமாக வரும்படி டிலே கொடுங்கள். கொடுக்காவிட்டால் பாட்டு இரண்டாகக் கேட்கும். பெட்டிக்கு முன் 5 மீட்டருக்குச் சவுக்குக் கம்பு கட்டி, ஆளை விடாதீர்கள். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால் அங்கே 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதி எல்லோருக்கும் தெரியும். பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று அதே விதியில் இருப்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

காதில் பஞ்சு வைத்துப் பெரிய பலனில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பானை ஒல்லியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடிக்கவேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைத்தும் வைக்காததுபோல்தான்.

கச்சேரி முடிந்த மறுநாளும் காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் நிற்காவிட்டாலோ, ஒரு காது திடீரென அடைத்துக்கொண்டாலோ எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். மூன்று நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீரெனக் கேட்கும் திறன் குறைவதற்கு ஸ்டீராய்டு சீக்கிரம் கொடுத்தால்தான் மீள வாய்ப்பு அதிகம்.

இப்படிக்கு,
ஒலி அமைப்பாளர் ஒருவர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.