பிப் மறுப்புக் கடிதங்கள்: பிரித்தானியத் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் மண்டபங்களுக்கு வந்துபோகும் குடும்பங்களில், பிப் (PIP, நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணம்) விண்ணப்பத்துக்கு வந்த மறுப்புக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்து மூடிவிட்டு ஒருவருக்கும் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு உங்களால் உதவ முடியும். அதைக் கேட்கவே எழுதுகிறேன்.

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. பிப்புக்கு விண்ணப்பித்தோம். மதிப்பீடு தொலைபேசியில் நடந்தது. குளிப்பீர்களா என்று கேட்டதற்கு "ஓம்" என்றார். சமைப்பீர்களா என்றதற்கு "ஓம், ஏதோ செய்வன்" என்றார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், மனிசிதான் என்னைக் குளிப்பாட்டுகிறா என்று சொல்ல எங்கள் ஆண்களில் எத்தனை பேருக்கு வாய் வரும்? அவர் சொன்னது பொய்யும் இல்லை. நான் காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்துவிட்டால் குளிப்பார். சட்டையும் போடுவார், பாதிப் பொத்தானோடு கட்டிலில் சாய்ந்து கிடந்து, களை ஆறிய பிறகுதான் மீதி. இடது கையால் மட்டும் பானையைச் சரித்துக் கஞ்சி வடிக்கப் போய் முன்கை வெந்துபோனதும் உண்டு. அறிக்கையில் இவை ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் பூச்சியம்.

விதிகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. 2013இல் பிப் தொடங்கியதிலிருந்தே, ஒரு காரியத்தைச் செய்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவையான போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நோய் இல்லாதவருக்கு ஆகக்கூடிய அதிகபட்ச நேரத்தின் இரண்டு மடங்கைத் தாண்டினால் அது நியாயமான நேரம் ஆகாது. அன்றாட வாழ்வுக்கு 10 செயல்கள், நடமாட்டத்துக்கு 2 என்று இரண்டு பிரிவாகப் பார்த்து, இயலாமைக்கு ஏற்பப் புள்ளி போடுகிறார்கள். ஒரு பிரிவில் 8 புள்ளி கிடைத்தால் அடிப்படைத் தொகை, 12 கிடைத்தால் கூடிய தொகை. ஆகவே "செய்வன்" என்பதோடு நிறுத்தாமல், எப்படிச் செய்கிறார், பிறகு என்ன ஆகிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இதை எங்கள் சனத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

எனக்கு இதைச் சொன்னவர் பக்கத்து வீட்டுச் சோமாலியப் பெண். அவர்களுடைய சமூக நிலையத்தில் கடிதங்களைப் பார்த்து வழிசொல்ல வாரம் ஒருநாள் ஆள் இருக்கிறார்கள். கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும், அங்கும் மறுத்தால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. கணவரின் கையெழுத்தோடு அவர் சார்பில் நான் வாதாடலாம் என்பதும்தான்.

மறுபரிசீலனையிலும் அதே பதில்தான் வந்தது. அந்த இரண்டாவது கடிதத்தோடு மனம் விட்டுவிடாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். தீர்ப்பாயம், பிப்பை மறுத்த அரசாங்கத் துறையின் கையில் இல்லை. அங்கே போகக் கட்டணமும் இல்லை. கேட்டால் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். அண்மைய ஆண்டுகளில் விசாரணை வரை போன பிப் மேன்முறையீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை விண்ணப்பித்தவருக்கே சாதகமாக முடிந்திருக்கின்றன. ஏற்கெனவே ஒரு தொகை பெறுபவருக்கு அது குறையவும் கூடும் என்பதால் முதலில் ஆலோசனை கேட்பது நல்லது.

எங்கள் விசாரணையில் தீர்ப்பாயக் குழுவில் இருந்த வைத்தியர், "காலையில் எழும்பியதிலிருந்து சொல்லுங்கள்" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன். இடையில் மறிக்காமல் கேட்டார்கள். தொலைபேசியில் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. இரண்டு பிரிவிலும் புள்ளி கிடைத்தது.

அரசாங்கக் காசில் சீவிப்பதா என்று எங்கள் ஆட்களே கதைப்பதையும் கேட்டிருக்கிறேன். பெற்றோல் நிலையத்தில் வருடக்கணக்காக இரவு வேலை செய்து வரி கட்டிய மனுசன் இவர். பிப் வருமானம் பார்த்துக் கொடுக்கும் பணமும் இல்லை. வேலை செய்துகொண்டும் பெறலாம். தயவுசெய்து இதை உங்கள் மேடைகளிலேயே சொல்லுங்கள். விசாவில் பொதுநிதி பெறத் தடை உள்ளவர்கள் மட்டும் குடிவரவுச் சட்டம் தெரிந்தவரைக் கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

நான் கேட்பது வாரத்தில் ஒருநாள், கதவு சாத்திக் கதைக்கக்கூடிய ஒரு அறை. கேட்டதை வெளியில் சொல்லாத இரண்டு பேர். படிவம் பற்றி அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கக்கூடிய இலவச ஆலோசனை நிலையங்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. தாதியர், வழக்கறிஞர் என்று படித்த பிள்ளைகளும் உங்கள் சங்கங்களில் இருக்கிறார்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். எந்தக் கோயில், எந்தச் சங்கம் அறை தந்தாலும் படிவம் நிரப்ப நான் வருகிறேன். மேன்முறையீட்டுக்கு உள்ளது ஒரு மாதம்தான். ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

நன்றியுடன்,
லண்டனிலிருந்து ஒரு மனைவி